நில அளவைக்காரரின் மஞ்சள் விமானம்

என் லோரிப் பட்டறை மலேசியாவில், கிள்ளானை அடுத்த மேருவில் இருக்கிறது. ஒரு லோரி வாசலில் திரும்பும்போதே அதன் எஞ்சினுக்கு என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. கிள்ளானில் லோரி வைத்திருக்கும் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு முடிந்தது. பதினைந்து வயதில் இன்னொருவர் பட்டறையில் லோரி கழுவினேன். இன்று என்னிடம் பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். அதில் இரண்டு பேர் டிப்ளோமா வாங்கியவர்கள். அவர்களுக்குப் பிடிபடாத எஞ்சின் கடைசியில் என் கைக்குத்தான் வரும்.

நான் யாரையும் சுலபத்தில் பாராட்டுகிறவன் இல்லை. என் வீட்டில் இதைப் பற்றிப் புகாரே உண்டு. ஆனால் ஒரு மனிதரைப் பற்றி மனதாரப் பாராட்டி எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செம்பனைத் தோட்டத்து ஓரமாக நின்றுபோன ஒரு லோரியைப் பார்க்கப் போனேன். எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தபோது புல் வெட்டும் மிஷின் சத்தம் கேட்டது. டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின். பெட்ரோல் கொஞ்சம் அதிகமாகக் குடிக்கிறது என்று காது சொன்னது. ஆனால் அந்தச் சத்தம் தரையில் இல்லை, என் தலைக்கு மேலே போனது. நிமிர்ந்தால் ஒரு சிவப்பு விமானம், ஆள் ஏறாமல் தரையிலிருந்தே ஓட்டும் மாதிரி விமானம். நான் இரண்டு கைகளையும் விரித்து நின்றால்கூட அதன் இறக்கை அகலத்துக்கு வராது. லோரியை அப்படியே விட்டுவிட்டு, எண்ணெய்க் கையோடு சத்தம் வந்த பக்கம் நடந்தேன்.

தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு திடல். நடுவில் புல்லை ஒட்ட வெட்டி, உருளை ஓட்டிச் சமமாக்கிய ஓடுபாதை. ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, அதில் எட்டுப் பத்துப் பேர். எல்லாரும் ஒரே ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒல்லியான உடம்பு, மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் மாட்டிய ரேடியோ. விமானத்தை இயக்கும் பெட்டியை நாங்கள் ரேடியோ என்றுதான் சொல்வோம். அவருடைய கட்டை விரல்கள் அசைவதே தெரியவில்லை. மேலே அந்த விமானம் ஒரு வட்டம் போட்டது. காம்பஸ் வைத்து வரைந்த வட்டம்கூட அவ்வளவு சரியாக இருக்காது. பிறகு தாழ்ந்து வந்து இறங்கியது. சக்கரம் எந்த நொடியில் புல்லைத் தொட்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நேராக அவரிடம் போனேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“சார், உங்க எஞ்சின் ரொம்பக் குடிக்குது.”

சுற்றியிருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவர் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டினார்.

“ஓம், எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு. எந்தப் பக்கம் திருப்ப வேணும் எண்டு காட்டுங்கோ.”

கார்புரேட்டரின் ஊசியை ஒரு நூல் அளவு திருப்பினேன். அடுத்த முறை எஞ்சின் சுத்தமாகப் பாடியது. அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுவிட்டு, “நீங்கள் டாக்டரோ?” என்றார். “லோரி டாக்டர் சார்” என்றேன். அன்றிலிருந்து அவர் எனக்கு சார், நான் அவருக்குத் தவுக்கே. பட்டறை முதலாளி என்பதால் அந்த மரியாதை.

அவர் அரசாங்கத்தில் நில அளவைக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாலாவது மாடியில் வீடு. அவருக்குக் காற்று தெரியும், எனக்கு எஞ்சின் தெரியும். பறக்க அவர்தான் கற்றுக்கொடுத்தார். நான் சீக்கிரம் கற்றுக்கொண்டேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்றாவது வருடத்தில் எங்கள் திடலில் என்னை மிஞ்ச ஒருவரே இருந்தார். அந்த ஒருவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. பேட்டரியில் பறப்பவற்றை நான் விமானக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவை மின்விசிறிகள். பெட்ரோல் வாசனை வேண்டும், வாலைப் பிடித்திருப்பவர் முகத்தில் புகை அடிக்க வேண்டும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் விமானத்தின் வாலுக்குப் பின்னால் போய் நிற்பார். ரேடியோவின் ஸ்டிக்கை மெதுவாகத் தள்ளி, வாய்விட்டுச் சொல்வார்: “லெஃப்ட். ரைட். அப். டவுன்.” இறக்கையின் பின் விளிம்பில் எய்லரான் என்று ஒரு மடல் இருக்கும். அது ஏறினால் அந்தப் பக்கத்து இறக்கை தாழும். வலப்பக்கம் தள்ளினால் வலது மடல் எழ வேண்டும். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றையும் பார்ப்பார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மறுபடியும் முதலிலிருந்து. ஆயிரம் தடவை பறந்த விமானமாக இருந்தாலும் அப்படித்தான்.

“என்ன சார், கோயில் ஐயர் மாதிரி மந்திரம் சொல்றீங்க?” என்று கேட்பேன்.

“மந்திரம் பிழைச்சால் சாமி கோவிக்கும் தவுக்கே. இது பிழைச்சால் சாமி கீழ விழும்.”

நான் சிரித்துவிட்டு என் வழியில் போவேன். லோரியில் சிக்னல் விளக்கு எரிகிறதா என்று பார்க்க நாங்கள் முன்னால்தான் நிற்போம். ஐம்பது வருடப் பழக்கம். விமானத்தையும் நான் மூக்குப் பக்கம் நின்றுதான் பார்ப்பேன். என் விமானங்கள் எல்லாம் நானே செட் செய்து பழகியவை, எப்படிப் பார்த்தாலும் சரியாக இருந்தன.

நாலு வருடத்துக்கு முன் அவருக்குக் கண் கெட ஆரம்பித்தது. முதலில் வலது கண். விமானம் கொஞ்சம் தூரம் போனதும் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு நாள் சிவப்பு விமானத்தைப் பத்திரமாக இறக்கி, ரேடியோவை அணைத்து, என்னிடம் சொன்னார்: “இனி எனக்குச் சரிவராது.” அவ்வளவுதான். வருத்தப்பட்டுப் பேசவில்லை. அடுத்த வாரம் லேசான பால்சா மரப் பலகை வாங்கப் போனார். இவ்வளவு காலமும் எல்லாரையும் போல அவரும் பாதி செய்து விற்கும் விமானங்களைத்தான் வாங்கிப் பூட்டினார். இப்போது வெறும் பலகையிலிருந்து ஒன்றைத் தானே கட்டப் போவதாகச் சொன்னார்.

மூன்று வருடம் கட்டினார். படுக்கையறையில் கட்டிலை ஓரம் தள்ளிவிட்டு, தரையில் கண்ணாடிப் பலகை போட்டு, அதன் மேல். தூரம்தான் தெரியாது, ஒரு முழம் தள்ளி இருப்பது இடது கண்ணுக்குத் தெரியும். இறக்கை எலும்புகளை ஒவ்வொன்றாக வெட்டி, விரலால் தடவிப் பார்த்து ஒட்டினார். மட்டக்கோல் வைத்துப் பார்ப்பார். நானும் போய் வைத்துப் பார்த்தேன், தப்புக் கண்டுபிடிக்கத்தான். கிடைக்கவில்லை. என் ஆயுளில் நான் பார்த்த கைவேலைகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை. என் கைவேலையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இறக்கையின் இரண்டு நுனிகளையும் கொஞ்சம் மேலே தூக்கிக் கட்டியிருந்தார். கையை எடுத்தாலும் விமானம் தானாக நிமிர்ந்துவிடும் என்றார். மேலே மஞ்சள் தாள், அடியில் பட்டையான கறுப்புக் கோடுகள். “வானத்திலை எனக்குத் தெரிய வேணுமே” என்றார்.

எஞ்சின் மட்டும் நான் பார்த்துக் கொடுத்தது.

போன வருடம் விமானம் முடிந்த சமயம், இடது கண்ணுக்கும் அறுவை சிகிச்சை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த புதன்கிழமை. அதற்குப் பிறகு எவ்வளவு தெரியும் என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை. அவர் என்னைக் கூப்பிட்டார்.

“ஞாயிற்றுக்கிழமை நீங்கள்தான் பறக்க விட வேணும் தவுக்கே. ஒருக்கா நான் அது பறக்கிறதைப் பாத்துப்போட்டுப் போறன்.”

எங்கள் திடலில், சொந்தக் கையால் கட்டிய விமானத்தின் முதல் ஓட்டத்தை ஒருவரிடம் கொடுப்பது சாதாரண விஷயம் இல்லை. “கவலைய விடுங்க சார். என்கிட்ட குடுத்துட்டீங்கல்ல, பூ மாதிரி இறக்கித் தரேன்” என்றேன்.

ஞாயிறு விடியற்காலையில் பட்டறையின் சின்ன லோரியை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போனேன். லிஃப்ட்டுக்குள் இறக்கை நுழையாது. நாலு மாடியும் படி வழியாக, பழைய போர்வையில் சுற்றி, இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு இறங்கினோம். திருப்பத்தில் எல்லாம் அவர் நின்று, கைப்பிடிச் சுவருக்கும் இறக்கைக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்தார். திடலுக்கு வரும் வரை எதுவும் சாப்பிடவில்லை. தோசை வாங்கிக் கொடுத்தேன், பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தார்.

திடலில் பூச்சோங்கிலிருந்து வரும் ஒரு பெண்மணி இருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். நாற்பது வயது இருக்கும். நன்றாகப் பறப்பார், அதைவிட நன்றாகப் பேசுவார். இறக்கையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தார்.

“அங்கிள், சாரோட ரேடியோவுல எல்லாம் செட் ஆகி இருக்கு. அதுலயே விடுங்களேன்.”

“என் ரேடியோவுலதான் என் கை பேசும்.”

“அப்ப மெனுவ நான் பாத்துத் தரேன் லா. இங்கிலீஷ்ல இருக்கு.”

“படம் போட்டிருக்கு இல்ல? அது போதும். நீ போய் பெட்ரோல் எடுத்துட்டு வா.”

அவர் கொட்டகைக்குப் போனார். என் ரேடியோவில் இருந்த பழைய விமானத்தின் அமைப்பை அப்படியே இதற்கும் வைத்தேன். மூக்குப் பக்கம் நின்றபடி ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினேன். என் வலப்பக்கத்து மடல் எழுந்தது. இடப்பக்கம் தள்ளினேன். என் இடப்பக்கத்து மடல் எழுந்தது. சரி என்று திருப்தியாகிவிட்டேன்.

சார் கொஞ்சம் தள்ளி நின்றார். “பின்னால நிண்டு பாத்தனீங்களோ?”

“பாத்தாச்சு சார்.”

பார்த்தது உண்மை. பின்னால் நின்று பார்க்கவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

பெண்மணி வந்து மண்டியிட்டு வாலைப் பிடித்துக்கொண்டார். நாலாவது முறை காற்றாடியைச் சுழற்றியதும் எஞ்சின் பிடித்தது. சுத்தமான சத்தம், என் கை பட்ட எஞ்சின் ஆயிற்றே. “அங்கிள், செக்?” என்று புகைக்குள்ளிருந்து கத்தினார். “எல்லாம் ஆச்சு, விடு!” என்றேன்.

மஞ்சள் விமானம் புல்லில் நேராக ஓடியது. முப்பது அடியிலேயே வால் எழுந்தது, அறுபது அடியில் தரையை விட்டது. தானாகவே ஏறியது. இவ்வளவு லேசாக ஏறும் விமானத்தை நான் பார்த்ததில்லை. பிறகு ஒரு சின்னக் காற்று தட்டி, இடது இறக்கை தாழ்ந்தது. வலப்பக்கம் கொடுத்தேன். இன்னும் தாழ்ந்தது. இன்னும் கொடுத்தேன். விமானம் கத்தி மாதிரி பக்கவாட்டில் நின்று, செம்பனைத் தோட்டத்தைப் பார்த்துத் திரும்பியது.

“ரைட் அங்கிள்! ரைட் குடுங்க!” என்று அந்தப் பெண்மணி கத்தினார்.

“ரைட்தான் குடுக்கிறேன்! கேக்க மாட்டேங்குது!”

என் வாழ்க்கையில் பிரேக் பிடிக்காத லோரியைக்கூட ஓட்டி நிறுத்தியிருக்கிறேன். அன்று ஸ்டிக்கை வலப்பக்கமே அழுத்திக்கொண்டிருந்தேன். மூன்று வருடம். புதன்கிழமை ஆபரேஷன். இரண்டும் தலைக்குள் ஓடின, வேறொன்றும் ஓடவில்லை.

சாருக்கு வானத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண்மணி சொன்னதைக் கேட்டார், நான் சொன்னதைக் கேட்டார், எஞ்சின் சத்தம் இடப்பக்கமாக ஓடுவதையும் கேட்டார். அது போதுமாக இருந்தது. என் தோளுக்குப் பக்கத்தில் வந்து, வங்கியில் வரிசையில் நின்று பேசுகிறவர் மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

“எய்லரான் மாறிக் கிடக்கு. வலது கையை நடுவில விடுங்கோ. விட்டுட்டீங்களோ?”

“விட்டுட்டேன் சார்.”

“அது தானா நிமிரும். பொறுங்கோ.”

நிமிர்ந்தது. ஒரு இறக்கை மெதுவாக எழுந்து, மறு இறக்கையோடு சமமானது. செம்பனை ஓலைகளுக்கு மேல் ஒரு ஆள் உயரம்தான் இடைவெளி இருந்திருக்கும்.

“இப்ப வலது கை மேல கீழ மட்டும். பக்கத்துக்குத் தொடாதேங்கோ. திருப்பிறதெல்லாம் இடது கையால, வால் சுக்கானாலை. கொஞ்சம் கொஞ்சமா. தங்கச்சி, நீங்கள் இடம் சொல்லுங்கோ.”

அந்தப் பெண்மணி புரிந்துகொண்டார். “தோட்டத்த தாண்டிருச்சு சார். லெஃப்ட்ல சுத்தி வருது. நேரா ஆயிருச்சு.” சார் அதைக் கேட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: “எஞ்சினைக் குறையுங்கோ. இன்னும். அந்தச் சத்தம் போதும். அப்பிடியே விடுங்கோ.” கண் தெரியாதவர் சொல்ல, கண் தெரிந்த நான் ஓட்டினேன். இரண்டு சுற்று வெறும் வாலை வைத்துத் திருப்பி, ஓடுபாதைக்கு நேராக வந்தேன். பூ மாதிரி இறங்கவில்லை. ஒரு தடவை துள்ளி, சாய்ந்து, பிறகு நின்றது.

எஞ்சினை அணைத்தோம். அந்தப் பெண்மணி நேராக வாலுக்குப் பின்னால் போய் நின்று, “ரைட் தள்ளுங்க அங்கிள்” என்றார். தள்ளினேன். இடது மடல் எழுந்தது.

“முன்னால நின்னா பாத்தீங்க?”

“ஆமா.” மூக்குப் பக்கம் நின்றவனுக்கு வலது, விமானத்துக்கு இடது.

“ஐயோ அங்கிள்! முதல் நாள் ஸ்டூடன்ட்கூட கண்ணாடியப் பாத்துட்டு இப்படி மாத்தித் திருப்ப மாட்டான் லா!”

வேறு நாளாக இருந்தால் அவருக்கு ஏற்ற பதில் என்னிடம் இருந்திருக்கும். அன்று எட்டுப் பேர் நடுவில் சாரைப் பார்த்துச் சொன்னேன்: “என் தப்பு சார். நீங்க கேட்டப்ப நான் சரியான பதில் சொல்லல.” என் பட்டறையில் இந்த வார்த்தைகளை யாரும் என் வாயிலிருந்து கேட்டதில்லை. சொல்லி முடித்ததும் காது சுட்டது.

அவர் என் தப்பைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. “எத்தனை நிமிஷம் பறந்தது?” என்று கேட்டார்.

“நாலு நிமிஷம் இருக்கும் சார்.”

“நான் பாக்கேல்லை.” முகம் அப்போதுதான் மாறியது. “தூரப் போயிட்டுது. சத்தம்தான் கேட்டனான்.”

அதற்குப் பிறகு நான் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. ரேடியோவை அந்தப் பெண்மணி கையில் கொடுத்தேன். அவர் மெனுவைத் திறந்து, மாற்றி, மூடினார். பெட்ரோல் நிரப்பினோம். நான் வாலுக்குப் பின்னால் போய் நின்றேன். “லெஃப்ட்” என்று வாய்விட்டுச் சொன்னேன். இடது மடல் எழுந்தது. “ரைட். அப். டவுன்.” எஞ்சின் பிடித்ததும் மறுபடி நாலும். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

சாரை ஓடுபாதைக்கு வெளியே வெள்ளைக் கோட்டின் மேல் நிறுத்தினோம். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. இந்த முறை நான் வித்தை எதுவும் காட்டவில்லை. உயரப் போகவும் இல்லை. விமானத்தைச் சுற்றிக் கொண்டு வந்து, எஞ்சினைக் குறைத்து, ஓடுபாதையின் மேல் ஆள் உயரத்தில், அவருக்கு முன்னால் கொண்டுபோனேன். அவ்வளவு மெதுவாகப் பறந்தால் வேறு எந்த விமானமும் விழுந்துவிடும். அவர் கட்டியது விழவில்லை. அவருடைய தலை இடமிருந்து வலமாகத் திரும்பியது. சத்தத்துக்குத் திரும்பினாரா, கண்ணால் பார்த்துத் திரும்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. அடுத்த சுற்றில் இன்னும் கிட்ட, புல் வெட்டிய கோடு முடியும் இடம் வரை கொண்டுவந்தேன். மஞ்சள் வெளிச்சம் அவர் வெள்ளைச் சட்டையில் விழுந்து போனது.

மூன்றாவது சுற்றில் அவர் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தார்.

“தவுக்கே.”

“சொல்லுங்க சார்.”

“இடப்பக்கச் சில்லு உள்ளுக்கு மடிஞ்சு கிடக்கு. இறக்கேக்கை வலப்பக்கம் சாய்ச்சு இறக்குங்கோ.”

நான் பார்த்தேன். இடது சக்கரத்தின் கம்பி உண்மையிலேயே வளைந்திருந்தது. முதல் தடவை துள்ளியபோது வளைந்திருக்க வேண்டும். கையால் தூக்கி, திருப்பி, பெட்ரோல் ஊற்றியவன் நான். எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்மணிக்கும் தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

“தெரியுதா சார்?” என்று கேட்டேன்.

“வடிவாத் தெரியுது. பெட்ரோல் கிடக்கோ?”

“இன்னும் ஆறேழு நிமிஷத்துக்கு இருக்கு.”

“அப்ப ஏன் தூரப் போறியள்? இஞ்சால வாங்கோ.”

நான் எஞ்சினை இன்னும் ஒரு பல் குறைத்து, விமானத்தை அவர் பக்கம் திருப்பினேன்.